சாப்பிட்டாச்சான்னு கேட்காத ஊர்

முன்னொரு காலத்துல, கப்பல் வந்து நிக்கிற வெண்கரைப் பட்டணத்தை மாறவேள்னு ஒரு ராஜா ஆண்டாரு. நல்ல மனுஷன்தான். ஆனா மண்டைக்குள்ள ஒரு சந்தேகம் புகுந்துட்டா போச்சு! பதில் கிடைக்கிற வரைக்கும் தானும் உக்கார மாட்டாரு, அடுத்தவங்களையும் உக்கார விடமாட்டாரு.

ஒரு நாள் மாறுவேஷத்துல ஊரைச் சுத்திட்டு வந்தவரு, நேரா சபைக்குள்ள நுழைஞ்சு கேட்டாரு. "இதென்னய்யா அதிசயம்! நம்ம ஊர்ல ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா முதல்ல 'சாப்பிட்டாச்சா?'ன்னுதானே கேப்பாங்க? இன்னிக்கு ஒரு ஆள் கேக்கலையே! வெயிலைப் பத்திப் பேசுறான், மாட்டைப் பத்திப் பேசுறான், சோத்தைப் பத்தி மட்டும் மூச்சு விடமாட்டேங்கிறான். ஏன்?"

களஞ்சிய அதிகாரி அம்பலவாணர் சட்டுனு எழுந்தாரு. ஊர் நெல்லு மொத்தமும் அவரு பொறுப்புலதான். மழை இல்ல, விளைச்சல் இல்லன்னு சொல்லிச் சொல்லி மாசாமாசம் அரிசி விலையை ஏத்தினவரும் அவருதான். மந்திரி சடையனாரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ராஜா அந்தாள்கிட்ட யோசனை கேட்டுடப் போறாரேன்னு முந்திக்கிட்டாரு.

"எல்லாம் திமிர் அரசே! ஜனங்களுக்கு மரியாதை மறந்துபோச்சு. ஒரு சட்டம் போடுங்க. யாரு யாரைப் பார்த்தாலும் 'சாப்பிட்டாச்சா'ன்னு கேக்கணும். கேக்காதவங்களுக்குச் சிறை!"

"பேஷ், பேஷ்!"னாரு ராஜா.

"சட்டம் எல்லாருக்கும்தானே?"ன்னு சடையனார் மெல்லக் கேட்டாரு.

"எனக்கும் சேர்த்துத்தான் ஓய்! தெரு முழுக்க நானே கேட்டுக்கிட்டுப் போறேன், பாரும்!"னு அம்பலவாணர் மீசையை முறுக்கினாரு.

தண்டோரா போட்டாங்க. ஊரே அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பிச்சுது. கேக்குறவன் எங்கேயோ பார்த்துக்கிட்டு "சாப்பிட்டாச்சா?"ம்பான். பதில் சொல்றவன் காலி வயித்தோட "ஓ, ஆச்சே!"ம்பான். ரெண்டு பேருமே நிக்காம ஓடிருவாங்க.

செங்கமலம்னு ஒருத்திக்கு அந்தப் பொய்க் கேள்விகூட வாயில வரல. அவ புருஷன் இருளப்பன் துறைமுகத்துல மூட்டை தூக்குறவன். அம்பலவாணர் பல்லக்கு எதிர்ல வந்தப்போ அவ ஒண்ணும் கேக்காம ஒதுங்கி நின்னுட்டா. அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டு வந்துட்டாங்க.

"ஏம்மா, ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிருவே?"ன்னாரு ராஜா.

"வீட்டுல பச்சைப் பிள்ளைங்க இருக்கு ராஜா, விட்டுருங்க"ன்னு அழுதாளே தவிர, காரணத்தைச் சொல்லல.

"பார்த்தீங்களா அழுத்தத்தை!"ன்னாரு அம்பலவாணர்.

சடையனார் அவ முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. "அரசே, நாளைக்கு வரைக்கும் பொறுங்க. இவ ஏன் கேக்கலங்கிறதை அம்பலவாணர் வாயாலயே சொல்ல வைக்கிறேன். முடியலன்னா இவளுக்குப் பதிலா நான் சிறைக்குப் போறேன்."

"அவரு வாயாலயா! அதெப்படி?" ராஜாவுக்கு இருப்பே கொள்ளல. சரின்னுட்டாரு.

மறுநாள் காலையில அம்பலவாணர் வாசலுக்கு வந்தா, இருளப்பன் நிக்கிறான். சட்டப்படி கேக்குறாரான்னு பார்க்கப் பக்கத்துலயே காவல்காரன். அம்பலவாணர் மிடுக்கா, "என்னப்பா, சாப்பிட்டாச்சா?"ன்னாரு.

"இல்லீங்க"ன்னான் இருளப்பன். சடையனார் சொல்லிக் கொடுத்தது அந்த ஒரு வார்த்தையைத்தான். அதைச் சொல்றதுக்குள்ள அவனுக்குக் கூச்சத்துல உயிரே போயிருச்சு.

அம்பலவாணர் முழிச்சாரு. அந்த ஊர் வழக்கம் அப்படி. கேட்டு, எதிராளி 'இல்ல'ன்னு சொல்லிட்டா, பகையாளியா இருந்தாலும் கூட்டிட்டுப் போய் இலை போட்டாகணும். தெருவே வேடிக்கை பார்க்குது. "வா, வா, உள்ள வா"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கூப்பிட்டாரு.

அவன் பின்னாலேயே ஒரு நெசவாளி, பெண்டாட்டி பிள்ளைகளோட. "சாப்பிட்டாச்சா?" "இல்லீங்க." அப்புறம் வண்ணார், வண்டிக்காரர், செக்காட்டுறவர். எல்லாரும் இல்லீங்க! பல்லக்குத் திரையை மூடிப் பார்த்தாரு, காவல்காரன் திறந்துவிட்டான். கொல்லைப்பக்கம் போனாரு, அங்கேயும் ஒரு கும்பல். அடுக்களையிலிருந்து அவரு சம்சாரம் கத்துச்சு. "யாரைப் பார்த்தாலும் கேட்டு வைக்காதீங்க! என் இடுப்பே விட்டுப்போச்சு!"

பொழுது சாயுறதுக்குள்ள மனுஷன் சபைக்கு ஓடி வந்து விழுந்தாரு. "அரசே, அந்தச் சட்டத்தை எடுத்துருங்க!"

"நீர் கேட்ட சட்டம்தானே ஓய்?"

"கேட்டா இல்லங்கிறாங்க அரசே! சோறு போட வேண்டியிருக்கு. அரிசி விக்கிற விலையில எவன் வீட்டுல கட்டுப்படியாகும்? எந்த மானமுள்ளவன் வாயைத் திறந்து கேப்பான்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம்னு அவருக்கே உறைச்சுது.

ராஜா, சபை ஓரமாக் காவல்ல நின்ன செங்கமலத்தைப் பார்த்தாரு. "இதானாம்மா?"

"ஆமா ராஜா. அவரு விடிஞ்சதுல இருந்து மூட்டை தூக்குறாரு. கூலி அப்படியே இருக்கு, அரிசிதான் ஏறிக்கிட்டே போகுது. பிள்ளைங்களுக்கு ஊத்தின கஞ்சியில மிச்சம் இருந்தாத்தான் எங்களுக்கு. யாராவது இல்லைன்னு சொல்லிட்டா நான் எதைப் போடுவேன்? இதை இத்தனை பேர் முன்னாடி சொன்னா அவரு மனசு தாங்குமா?"

ராஜாவுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. ஆனா அந்தச் சந்தேக மண்டை சும்மா இருக்குமா? அம்பலவாணர் பக்கம் திரும்பினாரு. "அது சரி ஓய், நாட்டுல நெல்லே இல்லன்னீரே? காலையிலிருந்து ஊரே சாப்பிட்டும் உம்ம வீட்டு அரிசி தீரலையே, அது எப்படி?"

அம்பலவாணர் மெல்ல வாசப்பக்கம் நழுவப் பார்த்தாரு, காவல்காரன் குறுக்க வந்து நின்னான்.

அன்னிக்கே அவரு வீட்டையும் களஞ்சியத்தையும் திறந்தாங்க. உத்தரம் வரைக்கும் நெல்லு! பழைய விலைக்கே விக்கணும்னு உத்தரவாச்சு, மூட்டைக்கூலியும் கூடுச்சு. செங்கமலத்தைப் பல்லக்குல வீட்டுக்கு அனுப்பினாங்க. அம்பலவாணர் பதவி போய், அதே களஞ்சிய வாசல்ல நின்னு வர்றவங்களுக்கு நெல்லு அளந்து போடுற வேலைக்கு வந்தாரு.

எல்லாம் முடிஞ்சதும் ராஜா தன் முத்து மாலையைக் கழட்டி மந்திரி கழுத்துல போட்டாரு. போட்டுட்டுக் கொஞ்சம் கோவமாவே கேட்டாரு. "ஜனங்க பட்டினி கிடக்கிறது உமக்கு முன்னாலேயே தெரியுமில்ல? முதல் நாளே என்கிட்ட நேரா சொன்னா என்ன?"

"சொல்லியிருப்பேன் அரசே"ன்னாரு சடையனார். "நீங்க உடனே, 'இது உண்மையான்னு விசாரிச்சுட்டு வாரும்'னு அம்பலவாணரைத்தானே அனுப்பியிருப்பீங்க?"

கேள்வி கேட்டே பழகின ராஜா, அன்னிக்கு ராத்திரி முழுக்க அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிக்கிட்டு இருந்தாராம்.