காளானுக்காக வாதாடிய தேவாங்கு

ஆனைக்குளத்துக் காட்டில் ஒரு தேவாங்கு வக்கீல் இருந்தது. குச்சிக் கை, குச்சிக் கால், பாதி முகத்துக்குக் கண். நிதானமாகத்தான் பேசும். ஆனால் எடுத்த வழக்கைப் பாதியில் விடாது.

அந்தக் காட்டின் பெரிய வக்கீல் நரி. ஒரு நாள் அது தேவாங்கைத் தேடி வந்தது.

"தம்பி, என்னிடம் ஜூனியராகச் சேர்ந்துவிடு. புலி, கரடி, பன்றி எல்லாம் என் கட்சிக்காரர்கள். தேனும் முட்டையும் வீடு தேடி வரும்!"

"வேண்டாம் அண்ணே," என்றது தேவாங்கு. "வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்காகப் பேசத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வெட்டுக்கிளி தின்றே எனக்கு வயிறு நிறைகிறது."

"பிழைக்கத் தெரியாதவன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனது நரி.

நரி அந்தப் பக்கம் போனதும், இந்தப் பக்கம் ஒரு தவளை மூச்சிரைக்க வந்தது.

"வக்கீலய்யா, எங்கள் குளத்தைக் காப்பாற்றுங்கள்!"

விஷயம் இதுதான். குளத்துக்கு மேலே ஒரு சரிவு. முன்பு காட்டுத்தீயில் அது மொட்டையாகிப் போனது. அடுத்த மழைக்கு மண் கரைந்து குளத்தில் இறங்கியது. மீன் குஞ்சுகள் சேற்றில் திணறிச் செத்தன. பிறகு, கருகி விழுந்த மரங்கள் ஊறி மக்கி, அவற்றில் காளான் முளைத்தது. வெளியே தெரிந்தது குடை மட்டும்தான். உள்ளே அதன் வெள்ளை இழைகள் நூல் நூலாக ஓடி மண்ணைக் கட்டிப் பிடித்தன. ஈரம் தங்கியது. புல்லும் மரக்கன்றும் தலைகாட்டின. குளமும் தெளிந்தது.

இப்போது காட்டுப்பன்றிக்கு அங்கே கிழங்குத் தோட்டம் போட ஆசை. மக்கிய கட்டைகளை உருட்டித் தள்ளி, காளானைக் கிளறி எறிந்து, பாதிச் சரிவை வழித்துவிட்டது. வானமோ கருத்துக்கொண்டு வந்தது.

"என் தலைப்பிரட்டைகளுக்கு இன்னும் கால்கூட முளைக்கவில்லை," என்று தவளை அழுதது. "சேறு இறங்கினால் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் நான் வாயைத் திறந்தால் பன்றி என்னை ஒரே வாயில் விழுங்கிவிடும்!"

"நீ பேச வேண்டாம் அம்மா. நான் பேசுகிறேன்," என்றது தேவாங்கு.

அன்று மாலையே குளக்கரையில் சபை கூடியது. நடுவர் யானையம்மா. பன்றிக்காக நரி எழுந்தது.

"கனம் நடுவர் அவர்களே! இந்தக் காட்டுச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர்தான் வழக்குப் போடலாம். இங்கே பாதிக்கப்பட்டவர் யார்? காளானா? வரச் சொல்லுங்கள், வந்து பேசட்டும்!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. நரி தேவாங்கின் பக்கம் திரும்பியது.

"கிளையில் தொங்குகிற உனக்கு இந்த மண்ணால் என்ன நஷ்டம்? ஏன் இந்த வேண்டாத வேலை?"

தேவாங்குக்குச் சுருக்கென்றது. நரி சொன்ன சட்டமும் சரிதான்; தவளையின் பெயரைச் சொல்லவும் வழியில்லை. இருந்தாலும் அது கலங்கவில்லை.

"யானையம்மா, ஒரே ஒரு உதவி. துதிக்கை நிறையத் தண்ணீர் எடுத்து, காளான் இருக்கும் பக்கம் ஊற்றுங்கள். பிறகு பன்றி வழித்த பக்கமும் ஊற்றுங்கள்."

யானை ஊற்றியது. காளான் பக்கம் ஊற்றியதை மண் அப்படியே குடித்துவிட்டது. வழித்த பக்கம் ஊற்றிய தண்ணீரோ மண்ணை வாரிக்கொண்டு நேராகக் குளத்தில் இறங்கியது. கரையோரம் ஒரே கலங்கல்!

யானைக்குக் கோபம் தலைக்கேறியது. "இதற்கே இந்தக் கதி என்றால், மழை பெய்தால் நான் எதைக் குடிப்பேன்? பாதிக்கப்பட்டவள் நானேதான்!"

நரி விடுமா? துள்ளிக் குதித்தது. "அப்படியானால் நீங்கள் நடுவராக இருக்க முடியாது! பாதிக்கப்பட்டவரே தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம்?"

தேவாங்கு மெல்ல எழுந்தது.

"அண்ணன் சொல்வது சரி. பாதிக்கப்படாத ஒருவரே நடுவராக இருக்கட்டும். அண்ணே, இந்தக் காட்டில் இந்தக் குளத்துத் தண்ணீர் குடிக்காத ஒருவரைக் கூட்டி வாருங்கள்!"

நரி புலியைப் பார்த்தது. கரடியைப் பார்த்தது. கடைசியில் தன் கட்சிக்காரரான பன்றியையே பார்த்தது.

"என்னை ஏன் பார்க்கிறாய்? நானும் இந்தக் குளத்தில்தானே குடிக்கிறேன்!" என்று உறுமியது பன்றி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டது.

"போதும்! பாதிக்கப்படாதவர் இங்கே யாருமில்லை, அதனால் நானே தீர்ப்புச் சொல்கிறேன்," என்றது யானை. "பன்றி தள்ளிய கட்டைகளைப் பன்றியே திரும்பக் கொண்டுபோய்ச் சரிவில் போட வேண்டும். இனி காட்டுக்கோ குளத்துக்கோ கேடு என்றால், யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம்!"

பன்றி முனகிக்கொண்டே கட்டைகளை உருட்டியது. மழை வந்தது. கட்டைகள் மண்ணைத் தடுத்து நிறுத்தின. காளான் இழைகள் மெல்ல அந்தப் பக்கமும் பரவின. தவளையின் பிள்ளைகள் தெளிந்த தண்ணீரில் கால் முளைத்துக் கரையேறின.

எல்லோருக்கும் பொதுவான ஒன்றுக்குக் கேடு வரும்போது, 'எனக்கென்ன' என்று ஒதுங்குபவர் தனக்கே குழி வெட்டிக்கொள்கிறார். வாயில்லாததற்காக வாய் திறப்பவரே எல்லோரையும் காப்பாற்றுகிறார்.