வெள்ளை ரோஜாவுக்குப் பூனை நகம் வந்த கதை

ரோஜாவுக்கு முள் இருப்பது பூவைக் காப்பதற்காக என்று ஒரு நம்பிக்கை நாட்டில் உலவுகிறது. படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள் என்பது மிகவும் வருந்தத்தக்கது. இதைத் திருத்தாமல் மேலே ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாது. ஆடு ரோஜாச் செடியைத் தின்னும்போது யாராவது அதன் முகத்தைப் பார்த்ததுண்டா? முறுக்குத் தின்பதுபோல் தின்கிறது. பூப்பறிக்க வருகிறவர்களோ கீறிய விரலைச் சப்பிக்கொண்டே பூவையும் கொண்டுபோய்விடுகிறார்கள். முள் உண்மையிலேயே காவலுக்கு வைத்த ஆளாக இருந்தால் எப்போதோ வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். தவிர, முள்ளின் முனை கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. எந்தக் காவல்காரனும் தரையைப் பார்த்தபடி நிற்பதில்லை. அது பிடித்து ஏறுவதற்கான கொக்கி. எதற்காக ஏறியது என்பதுதான் கதை.

அந்தக் காலத்தில் செடியும் பேசும், பூனையும் பேசும். மனிதர்கள் அதைக் கேட்டு வியப்பதில்லை. பதில் சொல்லிச் சண்டைக்குத்தான் போவார்கள். ரோஜா அப்போது முழங்கால் உயரம், முள் கிடையாது, நிறம் வெள்ளை. மற்ற நிறங்களுக்கும் கதைகள் உண்டு. அவை நம்பும்படியாக இல்லை.

மலையோரத்து ஊர் ஒன்றில் மருதையன் என்று ஒருவர் இருந்தார். மனைவி இல்லை, ஒரே மகள் அமிர்தம். அவளைப் பிரிந்திருக்க முடியாது என்பதால் நன்றாக யோசித்து அடுத்த வீட்டுப் பொன்னுரங்கத்தின் மகனுக்கே கட்டிக்கொடுத்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இதைவிடப் பக்கத்தில் யாராலும் பெண் கொடுக்க முடியாது என்று கல்யாணப் பந்தலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

ஊர் வழக்கத்தை அவர் யோசிக்கவில்லை. பேரப்பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்கும்வரை பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. சீர் வைத்து அழைக்கும் நாள் தவிரப் பெண்ணும் பிறந்த வீட்டுக்கு வரக்கூடாது. புது மருமகள் சுவருக்கு மேல் குரல் கொடுத்துப் பேசுவது இதையெல்லாம்விடக் கேவலம். ஆகவே ஏழு மலை தாண்டிக் கொடுத்திருந்தால் மனம் ஒருவழியாக ஆறியிருக்கும். இப்போது அமிர்தம் தாளிக்கும் வாசனை வந்தது, அவள் வளையல் சத்தம் வந்தது, சிரிப்பு வந்தது. அவள் மட்டும் வரவில்லை.

'நம் வீட்டில் இவ்வளவு சிரித்தாளா?' என்று மருதையன் தம்மையே கேட்டுக்கொண்டார். சிரித்ததாக நினைவில்லை. அன்றைக்குப் பிடித்ததுதான் அந்த வயிற்றெரிச்சல். அந்தப் பக்கம் வீசும் காற்றைக் கண்டால் ஆகவில்லை. சுவர்மேல் நடந்து இரண்டு வீட்டிலும் சோறு தின்றுவந்த பூனையைக் கண்டால் சுத்தமாக ஆகவில்லை.

சுவரோரத்தில் அந்த ரோஜாச் செடி நின்றது. சிறுமியாக இருந்தபோது அமிர்தம் நட்டது. அரிசி கழுவிய தண்ணீரை அதன் அடியில் ஊற்றி, அன்றைய கதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அவள் உலை வைப்பாள். இப்போது மருதையன் காலையில் ஒரு குடம் ஊற்றினார். கதை எதுவும் சொல்லவில்லை. அவர் ஊற்றப் போகும்போது வேரடி ஏற்கனவே ஈரமாக இருக்கும். பனி என்று நினைத்துக்கொள்வார். பனி சுவரோரத்தில் மட்டும் விழுமா என்று யோசிக்கவில்லை. பொறாமைப்படுகிறவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைப்பதில்லை.

"அமிர்தம் எங்கப்பா?" என்று ரோஜா தினமும் கேட்கும். அமிர்தம் அவரை எப்படிக் கூப்பிட்டாளோ அதுவும் அப்படியே கூப்பிடும்.

"சுவருக்கு அந்தப் பக்கம்."

"பாக்கணுமே."

"எனக்கும்தான். சும்மா நில்லு."

ரோஜா சும்மா நிற்கவில்லை. சுவர்மேல் போன பூனையைக் கூப்பிட்டது.

"நீ மட்டும் எப்படி ஏறுற?"

"நகம் இருக்கு, ஏறுறேன்" என்றது பூனை. "நான் கழற்றிப் போட்ட பழசெல்லாம் உரலுக்குப் பக்கத்துல கிடக்கு. வேணும்னா எடுத்துக்க. எனக்கென்ன, புதுசு வரும்."

இவ்வளவு அலட்சியமாகச் செய்த தானத்தைப் பூனைகள் வரலாற்றில் வேறெங்கும் காண முடியாது. ரோஜா அந்த நகங்களைப் பொறுக்கித் தண்டு முழுக்க ஒட்டிக்கொண்டது. காரையின் வெடிப்புகளில் கொக்கி மாட்டி, மெல்ல மெல்ல ஏறி, ஒரு மாதத்தில் சுவருக்கு மேல் தலையை நீட்டியது. நீட்டிய இடத்தில் மூன்று பூ பூத்தது. மூன்றும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

மருதையன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். தெரிந்ததெல்லாம் காம்பும் முள்ளும்.

"சம்பந்தி!" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. பொன்னுரங்கம் நெட்டை, குதிகாலை உயர்த்தினால் சுவருக்கு மேல் மூக்குவரை தெரிவார். "செடி உங்களுது, சிரிப்பு எங்க பக்கமா? நல்லா வளத்திருக்கீங்க போங்க!"

"எல்லாம் உங்க ஆசீர்வாதம், சம்பந்தி" என்றார் மருதையன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதில் 'ஆசீர்வாதம்' சரியாக வெளியே வரவில்லை.

"அமிர்தம் ஒண்ணப் பறிச்சுத் தலையில வச்சுக்கிச்சு. அந்தச் சிரிப்பப் பாக்கணுமே நீங்க!"

பார்க்க முடியாது என்று தெரிந்துதான் சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா? மருதையன் மத்தியானச் சோற்றை அப்படியே மூடிவைத்தார். பெண்ணைக் கொடுத்தாயிற்று; சரி, உலக வழக்கம். பெண் நட்ட செடி தம் வீட்டு மண்ணில் நின்று, தம் கையால் தண்ணீர் குடித்து, அதுவும் அங்கே போய்ப் பல்லைக் காட்டுவதா? அவர் போக முடியாத இடத்துக்கு ஒரு செடி போவதா?

வாழைநாரும் இரண்டு முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்னப்பா செய்யப் போறீங்க?"

"எட்டிப் பாத்தது போதும்."

தண்டுகளை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து பெயர்த்தார். நகங்கள் அவர் கையைக் கீறின, அவர் விடவில்லை. சுவரின் உச்சிக்கு ஒரு முழம் கீழே, தம் பக்கத்தில், முளையடித்து, தண்டுகளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வாழைநாரால் இறுக்கிக் கட்டினார்.

"நிக்கிற செடியப் படுக்க வச்சா எப்படிப்பா?" என்றது ரோஜா.

"நான் மட்டும் நின்னு என்னத்தக் கண்டேன்? படு."

ரோஜா அதன்பின் பேசவில்லை. அவரும் பேசவில்லை. அந்தப் பக்கம் பார்த்த பூக்கள் வாடி உதிர்ந்தபோது அவருக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்தினார். வேரடி மட்டும் காயவே இல்லை. இந்த வருஷம் பனி கொஞ்சம் அதிகம் என்று நினைத்தார்.

படுக்கவைத்த செடிக்கு எந்தக் கணு நுனி என்று புரியவில்லை. நிமிர்ந்து நின்றபோது உச்சியில் இருந்த கணுதான் தலை. மற்றவை வாயை மூடிக்கொண்டிருந்தன. இப்போது எல்லாக் கணுவும் ஒரே உயரத்தில் கிடந்தன. ஆகவே ஒவ்வொரு கணுவும் தன்னைத் தலை என்று எண்ணிக்கொண்டு ஒரு முழம் நிமிர்ந்தது. சரியாகச் சுவருக்கு மேல் முகம் தெரியும் உயரம். அங்கே நின்று மொட்டு விட்டது.

ஒரு நாள் காலை பொன்னுரங்கத்தின் மூக்கு சுவருக்கு மேல் வந்தது. "சம்பந்தி! சம்பந்தி! சுவர் முழுக்க வெள்ளை அடிச்ச மாதிரி பூத்துக் கிடக்கு! என்ன உரம் போட்டீங்க?"

மருதையன் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். சுவர் நெடுகக் காம்புகள். அத்தனை பூவும் அந்தப் பக்கம்.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. இரண்டு தோட்டத்துக்கும் பின்னால் ஒரு சந்து உண்டு. அதில் பொன்னுரங்கம் வீட்டுப் புழக்கடைக் கதவும் உண்டு. வழக்கத்தை உண்டாக்கியவர்கள் வாசற்படியைச் சொன்னார்களே தவிரப் புழக்கடையைச் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவர் பின்வாசல் வழியாகப் போவது கௌரவக் குறைச்சல் என்றுதான் மருதையன் இத்தனை நாள் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தார். இன்று அவர் மகளைப் பார்க்கப் போகவில்லை. தம் பூவைப் பார்க்கப் போனார்.

கதவைத் தள்ளினார். சுவரடியில் ஒருத்தி குந்தியிருந்து, சட்டியைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பா!"

மருதையன் அவளைப் பார்க்கவில்லை. ஈரமான மண்ணைப் பார்த்தார். "என்ன ஊத்துற?"

"அரிசி கழுவுன தண்ணி."

"தினமுமா?"

"கல்யாணம் ஆன மறுநாள்லேருந்து. வேரு சுவருக்கு அடியில இந்தப் பக்கமும் வந்திருக்கும்ல? நீங்க ஊத்த மறந்துருவீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஏன் மறக்கப் போறேன்?"

"எனக்கே ரெண்டு தடவ சோறு போட மறந்தவருதானே நீங்க!" என்று அமிர்தம் சிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இத்தனை நாள் கேட்ட அதே சிரிப்பு. கேட்பதைவிடப் பார்ப்பதற்கு நன்றாக இருந்தது.

பொன்னுரங்கம் ஓடிவந்தார். "வாங்க சம்பந்தி, வாங்க! இப்படிப் பின்பக்கமா..."

"படி ஏறல, சம்பந்தி. பூவப் பாக்க வந்தேன். பூ எங்களுது."

"நீங்க நிக்கிற மண்ணு எங்களுது" என்றார் பொன்னுரங்கம். பிறகு தாடையைச் சொறிந்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. வந்த நாள்லேருந்து இந்தப் பொண்ணு சிரிக்கிறதெல்லாம் இந்தச் சுவரப் பாத்துத்தான். எங்க யாரப் பாத்தும் இல்ல. அந்தச் சுவர இடிச்சிடலாமான்னு எனக்கே தோணியிருக்கு."

மருதையனுக்கு அன்றைக்குத்தான் பொன்னுரங்கத்தை முதன்முதலாகப் பிடித்தது.

"பூவத் தினமும் வந்து பாக்கணும்" என்றார். "செடிய நம்பி விட முடியாது."

"வாங்க. காலையில மோர் இருக்கும்."

வீடு திரும்பியதும் மருதையன் நேராகச் சுவரடிக்குப் போனார். கைக்கீறல் இன்னும் ஆறவில்லை. "கட்ட அவுத்து விடவா?" என்று கேட்டார்.

"வேண்டாம்பா" என்றது ரோஜா. "முன்ன ஒரு முகம். இப்ப கணுவுக்கு ஒரு முகம். அமிர்தம் எங்க நின்னாலும் தெரியுது." பிறகு, "என்ன பேசினீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டது.

மருதையன் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

அன்று முதல்தான், சுவரோரத்து வெள்ளைக் கொடி ரோஜா சுவர் உச்சியை எட்டியதும் அந்தப் பக்கம் தலையை நீட்டுகிறது. நிமிர்ந்து ஏறவிட்டால் நுனியில் மட்டும் இரண்டு மூன்று பூக்கிறது; படுக்கவைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு பூக்கிறது. யார் தண்ணீர் ஊற்றினாலும் முள்ளை அவர் பக்கம் விட்டுவிட்டு, பூவை அடுத்த வீட்டுக்கே காட்டுகிறது.

பூனை அதன்பின் அந்தச் சுவர்மேல் ஒரே ஒரு தடவை ஏறி, தான் கொடுத்த நகங்களிடமே கீறல் வாங்கிக்கொண்டு இறங்கியது. இப்போது அதுவும் சந்து வழியாகத்தான் போய்வருகிறது.