மூன்று விநாடிப் பள்ளத்தாக்கு

கோவையில் வீடியோ கேம்களுக்கு ட்ரெய்லர் வெட்டுகிறவர்கள் நஸ்ரினை ஆசான் என்பார்கள். ஆசானுக்கு வயது முப்பத்தொன்று. அவரிடம் தொழில் பழக வந்த பூவலிங்கத்துக்கு நாற்பத்தி நாலு. பதினெட்டு வருஷம் கல்யாண வீடியோ வெட்டிய கை.

கையைவிட வாய் பெரிசு. கேட்ட குரலையெல்லாம் திருப்பிப் பேசுவார். மண்டபத்து மைக்கில் அறிவிக்கிற மாமா, பந்தியில் மூணாம் தடவை ரசம் கேட்கிற பெரியவர், மணமகள் தோழியின் தும்மல் என்று எல்லோரும் அவர் தொண்டையில் வாடகை இல்லாமல் குடியிருந்தார்கள்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் அவர் தனியாக வெட்டிய முதல் ட்ரெய்லரை கேம் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் மண்டபம்.

கடைசி மூன்று விநாடியில் ஒரு குதிரை மலைக் கணவாயைத் தாண்டும். அப்பால் மஞ்சள் பூ பூத்த பள்ளத்தாக்கு. புகை எழும் ஒற்றை ஓட்டு வீடு. அதன் மேல் அடித்தொண்டையில் பூவலிங்கமே குரல் கொடுத்திருந்தார்: "நீ சேர வேண்டிய இடம்... உனக்காகக் காத்திருக்கிறது!"

"கேம் செய்யறவங்க பேசினாங்க," என்றார் ஆசான். "பள்ளத்தாக்கை எடுத்துட்டாங்களாம். நேரம் பத்தலையாம். கணவாயில பாறை விழுந்து கிடக்கும். அதுக்கு மேல போக முடியாது."

"ஷாட்டு இருக்கட்டுங்களா?"

"நம்ம இஷ்டம்னுட்டாங்க. நான் உங்க இஷ்டம்ங்கறேன்."

"எடுத்தா ட்ரெய்லரே செத்துருமுங்க ஆசானே! மூணே விநாடி. இதெல்லாம் ஒரு பொய்யுங்களா? தாலி கட்டறப்ப பொண்ணோட அம்மா கொட்டாவி விடுவாங்க. காலைல வெங்காயம் உரிச்சப்ப எடுத்த கண்ணீரைக் கொண்டாந்து அங்க ஒட்டுவேன். ஒருத்தரும் கேட்டதில்ல."

"அவங்கெல்லாம் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தவங்கண்ணா. இவங்க இனிமேதான் போகணும்."

பூவலிங்கம் விழித்தார். ஆசான் பழைய கேம் ஒன்றைத் திரையில் போட்டு, கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தார்.

கடல். ஒரு படகு. தூரத்தில் தீவு. தீவில் ஒரு மாடி வீடு, ஜன்னலில் வெளிச்சம்.

"ஆறு வருஷம் முன்ன இதுக்கு நான்தான் ட்ரெய்லர் வெட்டினேன். அந்தத் தீவுக்குப் போங்க."

பூவலிங்கத்துக்குள் படகுப் போட்டி வர்ணனையாளர் எழுந்துவிட்டார். "இதோ, இதோ! சிங்காநல்லூர்க் குளத்தின் சிங்கம் பூவலிங்கம்! அலையைக் கிழிக்கிறார்! கூட்டம் எழுந்து நிற்கிறது!"

படகு நின்றது. துடுப்பு மட்டும் தண்ணீரை அள்ளிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார். வலப்பக்கம் திருப்பிப் பார்த்தார். வர்ணனையும் நின்றது.

"சுவருங்களா?"

"சுவர்தான். கண்ணுக்குத் தெரியாது. தீவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுண்ணா, அது வெறும் படம். படகு கரை சேர்ற மாதிரி ட்ரெய்லருக்குன்னு தனியா செஞ்சு வாங்கினேன். நல்ல ஷாட்டு. அதுக்குப் பரிசுகூட வந்துச்சு."

ஆசான் கணினியில் ஒரு கோப்பைத் திறந்தார். "வாங்கினவங்க எழுதினது. படிங்க."

முதல் கடிதத்தைப் பூவலிங்கம் மீசை முளைக்காத குரலில் வாசித்தார். "'டேய் ஃப்ராடுங்களா! தீவு எங்கடா? அது என் பொறந்த நாளுக்கு மாமா குடுத்த காசுடா!'"

இரண்டாவதற்கு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வந்தார், கனைப்போடு. "'அன்புடையீர், அன்பு இத்துடன் முடிந்தது. நுகர்வோர் நீதிமன்றத்தில் சந்திப்போம்.'"

ஆசானும் சிரித்துவிட்டார்.

மூன்றாவது பஹ்ரைனிலிருந்து. அந்தக் காலத்து வெளிநாட்டு போன் பேசுகிறவர்போல ஊருக்கே கேட்கக் கத்தி ஆரம்பித்தார் பூவலிங்கம்.

"'ஐயா! நான் இங்கே கிரேன் ஓட்டுகிறேன்! வெள்ளிக்கிழமை லீவு! வெள்ளிக்கிழமை தவறாமல் படகை எடுக்கிறேன்! கிழக்கே சுற்றிப் போனேன். மழை பெய்யும்போது போனேன்...'"

குரல் தானாக இறங்கியது.

"'படகு விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது. யாரோ முழித்திருக்கிறார்கள். கரை மட்டும் வர மாட்டேன் என்கிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன் என்று சொன்னால் போதும்.'"

அதன் கீழே அதே ஆள் எழுதியது இன்னும் பதினொன்று. கடைசியானது போன வெள்ளிக்கிழமை வந்தது.

பூவலிங்கம் தொண்டையைச் செருமினார். அந்த ஆளுக்கு ஏற்ற குரலைத் தேடினார். மாமா இல்லை, பெரியவர் இல்லை, யாரும் வரவில்லை. கடைசியில் சொந்தக் குரலில் கேட்டார்.

"இவருக்கு என்னங்க பதில் போட்டீங்க?"

ஆசான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திட்டினவங்களுக்கு மன்னிப்பு கேட்டு எழுதிட்டேன். திட்டித் தீத்துட்டு அவங்க வேற கேம் வாங்கப் போயிட்டாங்க. இவரு திட்டவே இல்லையேண்ணா. வழி கேக்கறாரு."

மணி ஐந்தாகப் பத்து நிமிஷம் இருந்தது. பூவலிங்கம் தன் மேஜைக்குப் போனார். மூன்று விநாடியை வெட்டினார். அவர் குரலும் அதோடு போயிற்று. பாறைக்கு முன்னால் நிற்கும் குதிரையோடு ட்ரெய்லர் முடிந்தது.

அனுப்பிவிட்டு வந்து ஆசானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் அந்தப் படகு இன்னும் சுவரில் முட்டி நின்றது. அந்த கேமை அணைக்க இருவருக்கும் கை வரவில்லை.