சோற்றுக்கு முன் வந்த ரசம்

முன்னொரு காலத்தில் பூந்துறை நாட்டைச் சண்டமாருத பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். பெயருக்கேற்ற ஆள். கஞ்சி ஆறும்வரை பொறுக்கமாட்டார். நாக்கைச் சுட்டுக்கொண்டு சமையல்காரரைத் திட்டுவார். ஆனால் மனசு நல்ல மனசு. தன்னைப் பார்த்தே சிரிக்கத் தெரிந்தவர். ராஜாக்களில் அது அபூர்வம், நம்புங்கள்.

அந்த நாட்டின் மேற்குக் கோடியில் அத்திக்குடி என்றொரு சீமை. ஏரிக்கரை உடைந்து சில வருஷமாகியும் யாரும் கவனிக்கவில்லை. வயல் காய்ந்தது, செக்கு நின்றது, இளவட்டங்கள் தலைநகருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்காகப் பேச்சியம்மை என்ற வெற்றிலைக் கொடிக்கால்காரி அரசவைக்கு வந்து நின்றாள். வரும் மழைக்குள் கரையை அடைத்துத் தரவேண்டும், இல்லாவிட்டால் தானும் கொடிக்காலை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான், அதோடு ஊர் முடிந்தது என்றாள்.

தேர்ப்படைத் தலைவர் கோடையிடியார் குறுக்கே விழுந்தார். அமைச்சர் வடமலையார் மேல் ராஜாவுக்கு இருந்த பிரியம் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். ஏரி வேலை நடந்தால் பெயர் அமைச்சருக்குப் போய்விடுமே!

"சேறு அள்ளுவதெல்லாம் பழைய காலம், மகாராஜா. இங்கிருந்து அத்திக்குடிக்கு ஒரே நேராக விரைவுத் தேர்ப்பாதை போடுவோம். வழியில் எந்த ஊரிலும் நிற்காது. காலையில் இங்கே ஏறினால் மதியச் சாப்பாடு அத்திக்குடியில். அப்புறம் பாருங்கள், அந்தச் சீமை எப்படிச் செழிக்கிறதென்று."

வேகம் என்ற பேச்சு காதில் விழுந்ததும் ராஜா சிம்மாசனத்தில் ஒரு குதி குதித்தார். கஜானா ஒரு வேலைக்குத்தான் தாங்கும், ஏரியை முதலில் பார்ப்போம் என்று வடமலையார் சொல்லிப்பார்த்தார். நீர் எதையும் ஆற அமரத்தான் செய்வீர் என்று ராஜா அவர் வாயை அடைத்துவிட்டார். பேச்சியம்மையின் முகம் செத்துப்போயிற்று. அமைச்சர் அதற்குமேல் வாதாடவில்லை. பாதைக்கு முளை அடிக்கும் முன் ஒரு விருந்து வைப்பது வழக்கமாயிற்றே, அந்தப் பந்தி மட்டும் தன் பொறுப்பில் இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

விருந்து நாளில் நீளமான கூடத்தில் இலை போட்டார்கள். அடுக்களை வாசலில் இருக்கும் முதல் இலைதான் தலைநகரம், கடைசி இலை அத்திக்குடி என்று விளக்கிய வடமலையார், ராஜாவைக் கடைசி இலையில் உட்காரவைத்தார். கோடையிடியாருக்கு நடுப்பந்தி, பாதை அமைப்பவர் பாதை நடுவில் இருப்பதுதானே அழகு. ராஜாவுக்குப் பக்கத்து இலையில் பேச்சியம்மை. பரிமாறுவதும் இன்று தேர்ப்படைத் தலைவர் முறைப்படிதான் என்று அமைச்சர் அறிவித்ததும், கோடையிடியார் மீசையை முறுக்கிக்கொண்டு தன் படையிலேயே வேகமாக ஓடும் வீரனை அடுக்களைக்கு அனுப்பினார்.

வீரன் ரசப் பாத்திரத்தோடு பாய்ந்து வந்தான். நடுப்பந்தியில் எல்லாரும் கையை நீட்டிப் பார்த்தார்கள். அவன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, தன் தலைவரைக்கூட. கண்ணிமைக்கும் நேரத்தில் ராஜாவின் இலையில் ரசத்தை ஊற்றினான். இலையிலோ ஒரு பருக்கை சோறு இல்லை. ரசம் இலையில் ஓடி, ராஜாவின் பட்டு வேட்டியை நனைத்து, தரையின் சரிவில் அடுக்களைப் பக்கமே திரும்பி ஓடிற்று.

"சோறு எங்கே?" என்றார் ராஜா.

"சோற்றுப் பானையில் ஓட்டை, மகாராஜா. புதுப் பானை வாங்குவதா, வேகமாக ஓடும் ஆளைப் பிடிப்பதா என்று யோசித்தோம். இரண்டுக்கும் வசதி இல்லை. பார்க்க ஆள்தான் அழகாக இருந்தார்" என்றார் வடமலையார்.

பசியில் இருந்த கோடையிடியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுக்களைக் கேலியெல்லாம் நாட்டு நிர்வாகம் ஆகாது, பாதை வந்தால் வியாபாரிகள் தானாக அத்திக்குடிக்கு வருவார்கள் என்றார். அதுவும் நியாயம்தானே என்று ராஜா பேச்சியம்மை பக்கம் திரும்பி, வருவார்களா என்று கேட்டார்.

"வந்தா எதை வாங்குவாக மகராசா? எங்ககிட்ட என்ன இருக்கு? இவ்வளவு தூரம் நடக்க முடியாமத்தான் பாதிப் பேரு இன்னும் ஊர்ல கெடக்காக. நீங்க தேர் விட்டா அம்புட்டுப் பேரும் ஒரே நாள்ல ஏறி இங்க வந்துருவாக." அவள் தரையைக் காட்டினாள். "ஓடுதே அந்த ரசம், அது நாங்கதான்."

ராஜா ரசத்தைப் பார்த்தார், நனைந்த வேட்டியைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! முதலில் ஏரி."

தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். தேர்க்குதிரைகள் எல்லாம் ஏரிக்கரைக்கு மண் சுமக்கட்டும் என்று ஆணையிட்டார். வடமலையார் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. கொல்லைப்புறத்தில் நல்ல பானையில் சோறு தயாராக இருந்தது. அதைக் கோடையிடியார்தான் பரிமாறவேண்டும், ஒவ்வோர் இலையிலும் நின்று "போதுமா?" என்று கேட்டுப் பரிமாறவேண்டும் என்றார் ராஜா. பாவம், பந்தி மிக நீளம். பேச்சியம்மை மட்டும் மூன்று தரம் போதாது என்றாள்.

மழைக்குள் கரை எழும்பியது, ஏரி நிறைந்தது, போன இளவட்டங்களில் பாதிப் பேர் திரும்பினார்கள். மறுவருஷம் பேச்சியம்மை மறுபடி அரசவைக்கு வந்தாள். இம்முறை அவளே பாதை கேட்டாள்.

ராஜா துள்ளி எழுந்தார். "எவ்வளவு வேகம் வேண்டும் சொல் தாயே!"

"கொடிக்கால்ல கிள்ளுன வெத்தல வாடாம இங்க வந்து சேரணும் மகராசா. அம்புட்டு வேகம் போதும். வழியில நின்னு நின்னு வரட்டும், அங்கயும் சனம் இருக்குல்ல."

அப்படியே பாதை போட்டார்கள். அத்திக்குடியிலிருந்து கிளம்பிய முதல் வண்டியை ஓட்டியவர் கோடையிடியார். ஊருக்கு ஊர் நிறுத்தி, கூடைகளை ஏற்றிக்கொண்டு வந்தார். கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ராஜா இரண்டே தடவைதான் "இன்னுமா?" என்று கேட்டார். இரண்டு தடவையும் பேச்சியம்மை ஒரு வெற்றிலையை மடித்து அவர் வாயில் திணித்துவிட்டாள். ராஜாவுக்கு வாய் சிவந்தது, நமக்குக் கதை முடிந்தது.