பஸ் வரும் வரை

புளியந்துறை நகராட்சித் தலைவர் கோமதிநாயகத்துக்கு அறுபது வயது. அவர் குருவாக வரித்துக்கொண்ட சாமியம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊர் இதைச் சொல்லிச் சிரித்தது. கோமதிநாயகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முழி பிதுங்கும்போதெல்லாம் ஆற்றங்கரை மடத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்.

"நாளைக்குத் தீர்மானம் போடணும்மா," என்றார் அன்று. "பஸ் ஸ்டாண்டை பைபாஸுக்குக் கொண்டு போறோம். ஊரு பெருகணும்னுதான் செய்யுதேன். ஆனா கடைக்காரங்க எல்லாம் வயித்துல அடிக்கேன்னு கத்துதாங்க. செய்யலாமா, வேண்டாமா?"

சாமியம்மா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்குத் தென்காசி போகணும் அண்ணாச்சி. வாங்க."

"கார் வெளியேதான் நிக்குது. நானே கொண்டு போய் விட்டிருதேன்."

"பஸ்ஸுல போகணும்."

பஸ் ஸ்டாண்ட் ஊரின் நட்ட நடுவில் இருந்தது. அவர்கள் போய்ச் சேரும்போது தென்காசி பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. அடுத்தது எப்போது என்று எவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய ஆள் நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதவி வந்த நாளிலிருந்து அவர் பஸ்ஸுக்காக நின்றதே இல்லை.

"பாருங்கம்மா, இதுக்குத்தான் சொல்லுதேன். புது ஸ்டாண்டுல பலகையில நேரம் ஓடும். வந்தோம், ஏறினோம், போனோம்னு இருக்கும். ஒரு ஆளு காத்துக் கிடக்க வேண்டாம்."

"நல்லது," என்றார் சாமியம்மா.

பஸ் வரவில்லை. எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பது? கோமதிநாயகம் ஒரு டீ குடித்தார். பிய்ந்த வாரோடு பல நாளாக இழுத்துக்கொண்டு திரிந்த செருப்பைத் தைக்கக் கொடுத்தார். எதிர்க்கடையில் தொங்கிய ரிப்பன் கண்ணில் பட்டது. பேத்திக்கு வாங்கினார். விதை வெங்காயம் வாங்க வந்த ஒருவர், பஸ் இப்போதைக்கு இல்லை என்று தெரிந்ததும் முடி வெட்டிக்கொள்ளப் போனார். மிக்ஸியைப் பழுது பார்க்க விட்டுவிட்டு வந்த ஒரு பெண், பாத்திரக்கடையில் குக்கர் விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரிப்பன் வாங்கணும்னா கிளம்பி வந்தீய?" என்று கேட்டார் சாமியம்மா.

"இல்லம்மா. சும்மா நிக்கிற நேரத்துல கண்ணுல..."

பாதியில் நிறுத்திவிட்டார். அவருடைய புது பஸ் ஸ்டாண்டில் சும்மா நிற்கிற நேரமே கிடையாது. அதைப் பெருமையாக மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் அவரேதான்.

"அப்போ வேண்டாம்னு சொல்லிருங்கம்மா," என்றார். "எனக்கும் நிம்மதி. ஆனா இசக்கியம்மாளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

இசக்கியம்மாள் வாசலில் கூடை வைத்துக் கொய்யாப்பழம் விற்பவள். போன ஐப்பசியில் அவளுக்குச் சோறு கொண்டுவந்த மகள், பின்னால் எடுத்த பஸ்ஸில் மாட்டிக்கொண்டாள். அன்று அந்தப் பிள்ளையை ஓடிப் போய்த் தூக்கியவர் கோமதிநாயகம். பிள்ளை பிழைக்கவில்லை. இந்த இடத்தில் இனி பஸ்ஸே நிற்காது என்று அவர் தாயின் கையைப் பிடித்துச் சொன்னார்.

சாமியம்மா கூடைக்கு எதிரே போய்க் குந்தினார். தலைவர் பின்னால் நின்றார்.

"இசக்கி, ஸ்டாண்டு பைபாஸுக்குப் போயிட்டா நீ என்ன செய்வ?"

"என்னத்தச் செய்ய? அங்கன கடையெல்லாம் ஏலமாம். கூடைக்காரிய யாரு உள்ள விடுவா?" அவள் ஒரு பழத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு தலைவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா போகட்டும்யா. எம்புள்ளைக்கு வந்தது இன்னொரு புள்ளைக்கு வரக்கூடாது. நான் எப்படியாவது கஞ்சி குடிச்சிக்கிடுவேன்."

தென்காசி பஸ் வந்தது. நின்றிருந்த ஜனம் முண்டியடித்துக் கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. சாமியம்மா மட்டும் ஏறாமல் கூடைக்கு எதிரேயே குந்தியிருந்தார். நடத்துநர் விசில் கொடுத்தார். பஸ் பின்னால் வரத் தொடங்கியதும் இசக்கியம்மாள் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பஸ்ஸுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளைக் கையை விரித்து ஓரமாக ஒதுக்கினாள். பஸ் போன பிறகு மூச்சு வாங்கத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இப்படித்தான் ஓடுவா," என்றார் செருப்புத் தைப்பவர்.

கோமதிநாயகத்துக்கு அழுகை வந்துவிட்டது. தலைவர் அழுவதை பஸ் ஸ்டாண்டே பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நின்றார்.

"கொண்டு போனா இவ சோத்துல மண்ணள்ளிப் போடுதேன். இங்கனயே விட்டா இன்னொரு புள்ளையக் கொல்லுதேன். நான் என்னம்மா செய்ய?"

"நீங்க போட்ட திட்டத்துல பைபாஸுல அவ்வளவு பெரிய இடம் எதுக்கு அண்ணாச்சி?"

"பஸ்ஸு ராத்தங்கணும். கழுவணும். திருப்பணும்."

"ஜனத்தை ஏத்துறதுக்கு?"

"அதுக்கு எதுக்கு இடம்? இப்பப் பாத்தீயளே, நிமிசத்துல ஏறிட்டாங்க. அங்கனயே திருப்பி இங்க கொண்டாந்து, இந்த வாசல்ல நுழைஞ்சு அந்த வாசல்ல நேரே போயிட்டா, பின்னால எடுக்கவே..."

கோமதிநாயகம் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

சாமியம்மா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பஸ்ஸைக் கொண்டு போங்க அண்ணாச்சி," என்றார். "காத்திருக்கிறதை ஊருக்குள்ளயே விட்டுட்டுப் போங்க."