பொன்னாடை போர்த்திய கம்ப்யூட்டர்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு எண்ணெய்க்கடை. அதுக்கு முதலாளி தவசிமுத்து அண்ணாச்சி. பில் போட ரெண்டு கோர் உள்ள சின்னக் கம்ப்யூட்டர் போதும்னு கணக்குப் பார்க்கும் செல்வக்கனி சொல்லியும் கேளாமல், நாலு கோர் உள்ள பெரிய கம்ப்யூட்டர் வாங்கி, அதுக்கு மரியாதையாகப் பொன்னாடையும் போர்த்தினார். காத்துப் போக வழியில்லாமல், திரையில் கம்ப்யூட்டரின் சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டியது.

"பொன்னாடையைத் தொடக்கூடாது. சூடும் இறங்கணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!" என்று செல்வக்கனியை மிரட்டினார் அண்ணாச்சி.

"சரிங்க அண்ணாச்சி. அதுக்கு முந்தி உங்களுக்கல்லவா மரியாதை?" என்ற செல்வக்கனி, அவர் மேடைமேடையாக வாங்கிக் குவித்த பொன்னாடைகளை ஒவ்வொன்றாக அவர்மேல் போர்த்தினாள். கத்திரி வெயில் காலம். மூணாவதிலேயே அண்ணாச்சிக்கு வேர்த்துக் கொட்டியது.

"எடு தாயி, வேகுது!"

"மரியாதை போயிடுமே?"

"மரியாதையாவது மண்ணாவது, ஆளே அவிஞ்சிருவேன்!"

"அதுவும் அதைத்தான் சொல்லுது அண்ணாச்சி, பாவம், வாயில்லை" என்று திரையில் ஏறும் சூட்டைக் காட்டினாள்.

அண்ணாச்சி தன்மேல் கிடந்ததை எல்லாம் உதறிவிட்டு, தன் கையாலேயே கம்ப்யூட்டரின் பொன்னாடையை உருவினார். சூடு மளமளவென்று இறங்கியது. "நாளைக்கும் வேலைக்கு வந்து சேரு" என்று முனகிவிட்டு, வேட்டி நுனியால் விசிறிக்கொண்டே வெளியே நடந்தார்.