கூடு இல்லாத முட்டைகள்

பெரிய ஏரி ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு காடு இருந்தது. அந்த ஏரி தனியாக யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது. கோடை வந்தால் அக்கம்பக்கத்துக் காடுகளிலிருந்தும் விலங்குகள் அங்கே குளிக்கவும் விளையாடவும் வரும்.

காட்டின் தலைவரான யானை ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தது. கூடு இருக்கும் கரையில், குஞ்சுகள் பொரித்து வெளியேறும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது. மற்ற இடமெல்லாம் தாராளமாக விளையாடலாம். இதைப் பார்த்துக்கொள்ளும் காவல் வேலையை யானை நரியிடம் ஒப்படைத்திருந்தது.

அந்த வருடம் கிழக்குக் கரை மணலில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டு அடைகாத்தது. ஆள்காட்டி மரத்தில் குடியிருக்கும் பறவை அல்ல. தரையில் காலால் சிறு பள்ளம் பறித்து, அதிலேயே முட்டையிடும். முட்டையும் மண்ணின் நிறத்தில், புள்ளி புள்ளியாக, கூழாங்கல்லைப் போலவே இருக்கும். யாராவது நெருங்கினால் தலைக்குமேல் பறந்து பறந்து கத்தும். கேட்டால் உள்ளதைச் சொல்லும்.

மேற்குக் கரையில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்த குரங்குக் கூட்டத்துக்குக் கிழக்குக் கரை மணல்மேல் ஆசை வந்தது. நரியிடம் கேட்டன. குரங்குகள் தின்றதுபோக எறியும் பலாச்சுளை என்றால் நரிக்கு உயிர். ஆகட்டும், பார்க்கலாம் என்றது.

நேரே ஆள்காட்டியிடம் வந்தது. நான்கு முட்டைகளையும் நன்றாகப் பார்த்தது.

"ஏனம்மா, உன் கூடு எங்கே?"

"இதுதான் நரியாரே."

"இது பள்ளம். தூக்கணாங்குருவி கட்டுகிறதே, அதற்குப் பெயர் கூடு. இதில் குச்சி உண்டா, நார் உண்டா?"

"எங்கள் இனத்தில் கூடு கட்டும் வழக்கம் இல்லையே."

"அப்படியா? நீ சொன்னதை அப்படியே தலைவரிடம் சொல்லிவிடுகிறேன்."

தனக்காகப் பேசத்தான் நரி போகிறது என்று ஆள்காட்டி நினைத்துக்கொண்டது.

நரி சொன்னபடியே செய்தது. ஆள்காட்டி இனத்தில் கூடு கட்டும் வழக்கம் இல்லை என்று அந்தக் குருவியே சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தது. முட்டைகளைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. மூங்கில் தின்றுகொண்டிருந்த யானை, கூடு இல்லையென்றால் கரையைத் திறந்துவிடு என்று தலையாட்டியது.

மறுநாள் காலை குரங்குகள் கிழக்குக் கரைக்கு ஓடிவந்தன. ஆள்காட்டி கத்தியது. யாரும் நிற்கவில்லை. உடனே இறக்கை ஒடிந்ததுபோல் மணலில் இழுத்துக்கொண்டு நொண்டியது. வருகிறவர்களைத் தன் பின்னால் வரவழைத்து, முட்டைகளிடமிருந்து தள்ளிக் கூட்டிப்போக அந்த இனம் செய்யும் கடைசி முயற்சி அது.

குரங்குகளுக்கு அது வேடிக்கையாகப் போயிற்று. வட்டமாக உட்கார்ந்து கைதட்டின.

"இன்னொரு தரம் நொண்டு அக்கா, குட்டி சரியாகப் பார்க்கவில்லை" என்றது ஒரு தாய்க் குரங்கு.

அந்தக் குட்டி துள்ளிக் குதித்த இடத்தில் ஒரு முட்டை நசுங்கியது. குட்டி குனிந்துகூடப் பார்க்காமல் தண்ணீருக்குள் பாய்ந்தது.

ஆள்காட்டி நரியிடம் போய் நியாயம் கேட்டது. பேருக்கு நாலு குச்சி வைத்திருக்கலாமே என்று சுளையை மென்றபடி சொன்னது நரி. குச்சி வைத்தால் மேலே பறக்கும் காக்கைக்கு முட்டையைக் காட்டிக்கொடுத்தது போலாகும். அது நரிக்கும் தெரியும்.

ஆள்காட்டிக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. மீதி மூன்று முட்டைகளையும் தன் இணையான ஆண்பறவையிடம் விட்டுவிட்டு யானையிடம் பறந்தது. யானை மூங்கிலைக் கீழே போடும்வரை அதன் காதருகே கத்தியது. நேரில் வந்து பாருங்கள் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

யானை வந்தது. அதன் காலடி அதிர்வில் ஆண்பறவை எழுந்து பறக்க, மணலில் எங்கும் கூழாங்கற்களே கிடப்பதுபோல் தெரிந்தது. கரையில் நின்றிருந்த நரி முந்திக்கொண்டது. இது எப்போதும் கத்துகிற பறவை, இங்கே ஒன்றுமே இல்லை என்றது.

அதுவரை மரியாதையாகவே பேசிவந்த ஆள்காட்டி நரியின் முன்னால் வந்து நின்றது.

"ஒன்றுமே இல்லையல்லவா? இந்தப் புதரிலிருந்து தண்ணீர்வரை நேராக நடந்து காட்டு, பார்ப்போம்."

நரி நடந்தது. பாதி வழியில் அதன் கால் தயங்கியது. முட்டையை மிதித்தால் கரு காலில் ஒட்டும். யானையோ கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நரி சற்றே ஒதுங்கி, வளைந்து, மறுபடி நேராக நடந்தது.

"அந்த இடத்தில் ஏன் வளைந்தாய்?" என்றது யானை.

நரி புதர்ப்பக்கம் பின்வாங்கியது.

யானை மெல்ல அங்கே போய்த் தும்பிக்கையைத் தாழ்த்தியது. மூன்று முட்டைகள். பக்கத்தில் உடைந்த ஓடும் காய்ந்த மஞ்சளும்.

அன்றே நரியின் வேலை போயிற்று. குரங்குகள் மேற்குக் கரைக்கே திரும்பின. சட்டத்தில் 'கூடு' என்று இருந்ததை 'முட்டை' என்று யானை மாற்றியது.

"உன் கரையைத்தான் திருப்பிக் கொடுத்துவிட்டேனே அம்மா, இன்னும் ஏன் முறைக்கிறாய்?"

"திறந்துவிடச் சொன்னதும் நீங்கள்தான் ஐயா. நூறு தப்படி நடந்துவந்து பார்த்திருந்தால் நான்கும் இருந்திருக்கும்."

யானை தலை குனிந்தது. ஆள்காட்டி அதைப் பார்க்க நிற்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்ததால், மூன்று முட்டைகளின்மேல் போய் உட்கார்ந்தது.

நீதி: உயிரைக் காக்காமல் சட்டத்தின் சொல்லை மட்டும் காப்பவன் காவலன் அல்லன், நேரில் பாராமல் அவனுக்குத் தலையாட்டியவரும் அந்தக் குற்றத்தில் பங்காளியே.